வீடில்லாதவர்களுக்கு உணவு பரிமாறப் போகிறீர்களா? முதல் நாளுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் தடவை போன் செய்த நாளிலிருந்து கரண்டியைக் கையில் பிடித்த நாள் வரை எனக்கு 9 வாரம் ஆனது. வேலை கஷ்டம் என்பதால் அல்ல. என்னென்ன காகிதம் வேண்டும், எதை முதலில் தொடங்க வேண்டும் என்று யாரும் மொத்தமாகச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒரு சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்ததைக் கேட்பார்கள். அதற்கு அலைந்து முடித்தால் இன்னொரு படிவம் வரும். இரண்டு முறை ‘போதும், விட்டுவிடலாம்’ என்றே நினைத்துவிட்டேன்.

விடாமல் இருந்தது நல்லதாயிற்று. இது எனக்கு நான்காவது வருடம். வாரத்தில் ஒரு மாலை, அதே சமையலறை, அதே மேசை. அங்கே புதிதாக வருகிறவர்கள் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கு அந்த 9 வாரம் மூன்று, நான்கு வாரமாகக் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சான்றுகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எதற்குப் பின் எது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது பெரிதாக மாறுவதில்லை.

1. எந்த மாதிரி இடம் என்பதை முடிவு செய்யுங்கள்

உணவு கொடுக்கும் வேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேசை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பரிமாறும் சமையலறைகள் உண்டு. இரவு தங்கும் விடுதியோடு சேர்ந்த சாப்பாட்டுக்கூடங்கள் உண்டு. வண்டியில் பொட்டலம் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர்களும் உண்டு. உணவு வங்கி என்றால் வந்த பொருளைத் தரம் பிரித்து அடுக்கும் வேலைதான் அதிகம். சாப்பிடப் போகிறவரை நீங்கள் நேரில் பார்க்காமலே போகலாம்.

புதியவர் என்றால் உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் தொடங்குங்கள். தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கும், அனுபவப்பட்டவர் ஒருவர் தோளுக்குத் தோள் நிற்பார், தப்பு நடந்தால் உடனே கையைப் பிடித்து நிறுத்துவார். தெரு வண்டி வேலையில் இருட்டு, மழை, பழக்கமில்லாத இடம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அதற்குப் போகலாம்.

‘எந்த அமைப்பும் வேண்டாம், நாமே வீட்டில் சமைத்து எடுத்துக்கொண்டு போவோம்’ என்று பலருக்குத் தோன்றும். நல்ல மனதோடு தோன்றுவதுதான். ஆனால் பல நகரங்களில் பொது இடத்தில் உணவு வழங்க முன் அனுமதி வேண்டும். ஒருவருக்கு வயிறு கெட்டால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் விழும். அதைவிட முக்கியம், அந்த இடத்தில் ஏற்கெனவே யார் எந்த நாளில் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரே மாலையில் மூன்று குழுக்கள் வந்து கொடுத்து, பாதிப் பொட்டலம் நடைபாதையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அங்கே கொடுக்க ஒருவரும் வரவில்லை.

2. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

பண்டிகை நாட்களுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். அந்த நாட்களில் எல்லோரும் வருவார்கள், கரண்டிக்கு மேல் கரண்டி நிற்கும். ஆள் இல்லாமல் தவிப்பது பண்டிகை முடிந்த அடுத்த இரண்டு வாரங்களில்தான். வாரநாள் மாலை, அதிகாலைக் காலையுணவு, கொட்டும் மழை, கடுங்குளிர் இந்த நேரங்களில்தான் ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருப்பார். அரசு உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வரும் இடங்களில் மாதக் கடைசி வாரம் கூட்டம் கூடும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போனில் பேசும்போது, ‘எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்’ என்று சொல்லாதீர்கள். எனக்கு முதல் போனில் பதில் வராமல் போனதற்குக் காரணம் இந்த வாக்கியம்தான் என்று பிறகு அந்த ஒருங்கிணைப்பாளரே சொன்னார். எப்போதும் வருகிறேன் என்பவர்களில் பெரும்பாலோர் எப்போதும் வருவதில்லையாம். ‘செவ்வாய் மாலை 5 மணி முதல் 9 மணி வரை, அடுத்த மூன்று மாதத்துக்கு’ என்று சொல்லுங்கள். அட்டவணையில் எழுதக்கூடிய பதில் அது.

நேரம் கணக்கிடும்போது, பரிமாறுவது ஒன்றரை மணி நேரம் என்றால் உங்களுக்கு அது மூன்றரை மணி நேர வேலை. முன்னால் மேசை போடுவது, காய் நறுக்குவது. பின்னால் அண்டா கழுவுவது, தரை துடைப்பது, குப்பை கட்டுவது. பரிமாறி முடித்ததும் கிளம்பிவிடும் தன்னார்வலரைக் கழுவும் தொட்டியருகே நிற்பவர்கள் மறப்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் போக ஆசை இருந்தால் முதல் தடவை வேண்டாம். ஒரு சமையலறையில் ஒரே நேரத்தில் நான்கைந்து புதியவர்களைத்தான் பழக்க முடியும்.

3. ஆவணங்கள்: எதை முதலில் தொடங்குவது

நான் இழந்த வாரங்கள் எல்லாம் இதில்தான். பொதுவாகக் கேட்கப்படுபவை: புகைப்பட அடையாள அட்டை, முகவரிச் சான்று, காவல்துறைப் பின்னணிச் சான்று, உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பரிந்துரை, உணவுச் சுகாதாரப் பயிற்சிச் சான்று, சில இடங்களில் மருத்துவத் தகுதிச் சான்று. இவற்றோடு அவசரத் தொடர்பு எண், ரகசியம் காப்பதாகக் கையெழுத்து, புகைப்படக் கொள்கைக்குக் கையெழுத்து. எல்லா இடமும் எல்லாவற்றையும் கேட்காது. சமைத்த உணவைத் தொடாமல் மேசை துடைக்கும் வேலை மட்டும் என்றால் பாதி குறையும். குழந்தைகளும் குடும்பங்களும் தங்கும் இடமென்றால் பின்னணிச் சான்றில் துளியும் தளர்வு இருக்காது. இருக்கவும் கூடாது.

முதல் போனிலேயே இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் என்னென்ன ஆவணம் வேண்டும்? பின்னணிச் சான்றை நானே வாங்க வேண்டுமா, நீங்கள் விண்ணப்பிப்பீர்களா? வேறொரு இடத்துக்காக வாங்கியது செல்லுமா? எவ்வளவு பழையதாக இருக்கலாம்? நான் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. நானே அலைந்து ஒரு சான்று வாங்கினேன். அமைப்பின் பெயரில் வந்தால்தான் ஏற்போம் என்றார்கள். கட்டிய கட்டணமும் போச்சு, மூன்று வாரமும் போச்சு.

வரிசை இதுதான். பின்னணிச் சான்றுக்கு முதல் நாளே விண்ணப்பியுங்கள். எல்லாவற்றிலும் மெதுவாக வருவது அது. அது நடந்துகொண்டிருக்கும்போதே உணவுச் சுகாதாரப் பயிற்சியை முடித்துவிடுங்கள். அடிப்படை நிலைப் பயிற்சி பெரும்பாலும் சில மணி நேரம்தான், பல இடங்களில் இணையத்திலேயே முடிக்கலாம். எந்தப் பயிற்சிச் சான்று ஏற்கப்படும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இணையத்தில் கிடைப்பதெல்லாம் செல்லாது. பரிந்துரை தருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவர்கள் எடுக்காமல் விட்டதால் மட்டும் விண்ணப்பம் பத்து நாள் தூங்கிய கதைகள் உண்டு. மருத்துவச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள், சீக்கிரம் காலாவதி ஆவது அதுதான்.

தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். ஓர் அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப்பெயர் இடத்தில். நமக்கு எல்லாம் ஒரே ஆள். சரிபார்க்கும் இயந்திரத்துக்கு மூன்று ஆள். விண்ணப்பப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதும்போது, எந்த அடையாள அட்டையை இணைக்கிறீர்களோ அதில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தால் மற்ற வடிவங்களை அங்கே எழுதிவிடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் அந்தச் சான்றின் நகலையும் சேர்த்து வைக்கவும். என் விண்ணப்பம் ஒரு புள்ளிக்காகத் திரும்பி வந்தது.

வெளிநாட்டில் மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சம்பளம் இல்லாத வேலைதானே என்று நாம் நினைப்போம். சில நாடுகளின் விசா விதிகள் ஊதியமற்ற உழைப்பையும் வேலை என்றே கணக்கில் எடுக்கும். உங்கள் விசாவின் நிபந்தனையைப் படித்து, சந்தேகமிருந்தால் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட்டுப் போங்கள். நல்ல காரியத்துக்குப் போய் விசா சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டும். அடுப்பு, கத்தி, இரவு நேரம் மூன்றுக்கும் பெரும்பாலும் அனுமதி இருக்காது. கல்லூரிக்கோ வேலைக்கோ சேவை மணிநேரச் சான்று தேவைப்படுபவர்கள் அதைச் சேரும்போதே சொல்லி, ஒவ்வொரு வாரமும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் வந்து கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எல்லாக் காகிதத்தையும் ஒரே உறையில் போட்டு, மேலே ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி வையுங்கள். போனிலும் படமெடுத்து வையுங்கள்.

4. கைக்காசு எங்கே போகும்

தன்னார்வ வேலைக்கு யாரும் உங்களிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்கக்கூடாது. ‘பதிவுக்குப் பணம் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் அங்கிருந்து கிளம்புங்கள். பின்னணிச் சான்று, பயிற்சி இரண்டுக்கும் கட்டணம் இருக்கலாம். அதை அமைப்பு ஏற்குமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பல நாடுகளில் தன்னார்வலர்களுக்குப் பின்னணிச் சான்றுக் கட்டணத்தில் சலுகை உண்டு, ஆனால் விண்ணப்பத்தில் ‘தன்னார்வலர்’ என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் அது கிடைக்கும்.

நீங்களே வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: வழுக்காத அடிப்பாகம் உள்ள, விரல் மூடிய ஷூ. எண்ணெய் சிந்திய தரையில் செருப்போடு நிற்பவரை உள்ளே விடமாட்டார்கள். ஏப்ரன், கையுறை, தலைவலை எல்லாம் அங்கேயே இருக்கும்.

கணக்கில் சேர்க்க மறப்பது போக்குவரத்து. வேலை முடிந்து வெளியே வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். வாரம் ஒரு முறை வாடகை வண்டி என்றால் மூன்றாவது மாதத்தில் அதுவே நிற்கக் காரணமாகிவிடும். வீட்டுக்கு அருகில் இருக்கும் இடத்தையோ, கூட வருபவரின் வண்டியையோ முதலிலேயே பார்த்து வையுங்கள்.

இன்னொன்று கேளுங்கள்: கை வெந்தால், வழுக்கி விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது? தன்னார்வலர்களையும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா? பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி (ஹெபடைடிஸ் ஏ, பி), டெட்டனஸ் இரண்டும் உங்களுக்குப் போட்டிருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஹெபடைடிஸ் பி முழுவதும் போட்டு முடிக்கச் சில மாதம் ஆகலாம், அதனால் இதையும் சீக்கிரம் கேளுங்கள்.

5. உடம்பு சரியில்லை என்றால்

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை போகக்கூடாது. ‘இப்போ பரவாயில்லை’ என்று மறுநாளே போகாதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி வேகமாகத் தொற்றும் நோரோவைரஸ் மாதிரிக் கிருமி சாப்பாட்டுக்கூடத்தில் புகுந்தால், இரவு கழிப்பறை தேடி அலைய வேண்டியவர் நீங்கள் இல்லை. வீடில்லாத ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்பது என்ன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்: கதவடைத்த பொதுக் கழிப்பறை, மாற்றுத் துணி கிடையாது, துவைக்கத் தண்ணீர் கிடையாது. சொன்ன நாளில் கட்டாயம் வர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இருக்கும் ஒரே விதிவிலக்கு இதுதான்.

கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். கை சுத்திகரிப்பான் நோரோவைரஸுக்கு எதிராகப் பெரிதாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான். விரலில் வெட்டு இருந்தால் நீல நிற நீர்புகாப் பட்டை ஒட்டுவார்கள். நீல நிறத்தில் உணவு அநேகமாக இல்லை என்பதால், கழன்று விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். அதன்மேல் கையுறை.

6. முதல் நாள்

அரை மணி நேரம் முன்னால் போங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வையுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். வாசகம் அச்சிட்ட டீ-சர்ட், குறிப்பாக அரசியலோ மதமோ சொல்வது, வேண்டாம். போனை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னால் வையுங்கள்.

உள்ளே போனதும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை: கை கழுவும் தொட்டி எது, காய் கழுவும் தொட்டி எது (இரண்டும் ஒன்றல்ல, மாற்றினால் திட்டு விழும்), முதலுதவிப் பெட்டி எங்கே, வெளியேறும் இரண்டாவது கதவு எங்கே, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். முதல் நாளில் அநேகமாகப் பரிமாற விடமாட்டார்கள், தட்டு துடைக்கவோ தண்ணீர் ஊற்றவோ சொல்வார்கள். அதில் மனம் சுருங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றுபவர்தான் எல்லா மேசைக்கும் போவார், ஒரே மாலையில் எல்லா முகமும் அவருக்குப் பழகிவிடும்.

7. சூடும் நேரமும்

பயிற்சியில் நிறைய எண்கள் சொல்வார்கள். அன்றாடம் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ‘பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகள்’ சொல்வதே போதும்: சமைக்கும்போது நடுப்பகுதியும் 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், பரிமாறும்வரை சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழ். சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் சும்மா வைக்கக்கூடாது. உங்கள் ஊர் விதி இதைவிடக் கறாராக இருந்தால் அதுதான் சட்டம்.

வெப்பமானியை அண்டாவின் நடுவில் செருகுங்கள், அடியைத் தொடவிடாதீர்கள். அடிப்பாத்திரத்தின் சூடு உங்களை ஏமாற்றிவிடும். ஒரு மாலை, மேலே ஆவி பறந்துகொண்டிருந்த அண்டாவில் செருகிப் பார்த்தேன், 52 காட்டியது. வரிசையில் அறுபது பேர் நிற்கிறார்கள். என்னைப் பழக்கிய அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றினார். வெளியே போய், ‘இன்னும் இருபது நிமிஷம் ஆகும், மன்னிக்கணும்’ என்று வரிசை முழுக்க நடந்து அவரே சொல்லிவிட்டு வந்தார். கோபப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

சோறு மீந்தால் ‘நாளைக்குச் சூடு பண்ணிக்கொள்ளலாம்’ என்று மூலையில் வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியிலும் பிழைக்கும். அறை வெப்பத்தில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. மீந்ததை வைக்க வேண்டுமானால் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாது.

ஒவ்வாமை பற்றிக் கேட்டால் ஊகத்தில் பதில் சொல்லவே சொல்லாதீர்கள். வேர்க்கடலை, பாதாம் முந்திரி வகைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு, சோயா, எள், கோதுமை இவை எதில் இருக்கின்றன என்று எழுதிய தாள் சமையலறையில் இருக்க வேண்டும். ஒரு பாத்திரத்துக் கரண்டியை இன்னொன்றில் போட்டால் அந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

8. தட்டை நீட்டும் விதம்

இதற்குப் பயிற்சிச் சான்று கிடையாது. ஆனால் வருபவர்கள் ஞாபகம் வைத்திருப்பது இதைத்தான்.

முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். பகல் முழுக்கத் தெருவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கடந்து நூற்றுக்கணக்கானவர் போவார்கள், அநேகமாக ஒருவரும் கண்ணைப் பார்ப்பதில்லை. அவருக்கு அன்றைக்குக் கிடைக்கும் முதல் ‘வாங்க, உட்காருங்க’ உங்களுடையதாக இருக்கலாம். வயதில் மூத்தவரை வீட்டுக்கு வந்த பெரியவரை அழைப்பது போலவே அழையுங்கள். ஒருவரையும் ஒருமையில் கூப்பிடாதீர்கள். நமக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைப்போம். ஆனால் அவசரத்தில், அழுக்குச் சட்டையைப் பார்த்ததும் வாயிலிருந்து ‘இந்தா’ வந்துவிடும். ஒரு மாலை எனக்கு வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் என் வரிசைக்கு வராமல் பக்கத்து வரிசையில் நின்றார். அதற்கடுத்த வாரமும்.

கேட்டுப் போடுங்கள். ‘இது போடட்டுமா? கொஞ்சமா, நிறையவா?’ எதைச் சாப்பிடுவது என்பதைத் தானே முடிவு செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு அன்றைக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ‘கிடைத்ததைச் சாப்பிடாமல் இது வேண்டாம் அது வேண்டாம் என்கிறாரே’ என்று மனதில் ஓடும். அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு காரணம் இருக்கும். ஒரு பெரியவர் வாரா வாரம் ரொட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் ஏன் என்று கேட்காமல், ‘வேற ஏதாவது தரட்டுமா?’ என்றேன். உதட்டை லேசாக விலக்கி ஈறைக் காட்டினார். முன்பக்கம் ஒரு பல்லும் இல்லை. அன்றிலிருந்து சூப்பில் ஊற வைத்துக் கொடுக்கிறோம். மெல்ல முடியாதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். மெத்தென்று ஒரு பதார்த்தமாவது தினமும் இருக்கும்படி சமையலறையில் சொல்லி வையுங்கள்.

‘எப்படி இந்த நிலைமைக்கு வந்தீங்க?’ என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மழை, கிரிக்கெட், கையில் இருக்கும் புத்தகம், கூட வந்த நாய் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அறிவுரை வேண்டாம். பிரார்த்தனை செய்தால்தான் சாப்பாடு, வரிசையில் நன்றி சொன்னால்தான் சாப்பாடு என்ற நிபந்தனை இருக்கும் இடமாக இருந்தால் அங்கே சேரலாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். நான் சேர மாட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருவார்கள். இன்சுலின் போட்டுவிட்டு வரிசையில் நிற்பவருக்குத் தாமதம் ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் குடித்திருக்கிறார் என்று ஒதுக்காதீர்கள், ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். அதேபோல, பல நாள் ஒன்றும் சாப்பிடாமல் வந்தேன் என்று ஒருவர் சொன்னால் பரிதாபப்பட்டுத் தட்டை மலையாகக் குவிக்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயம்வரை பாதிக்கலாம். மருத்துவர்கள் இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

9. சத்தம் வந்தால்

பெரும்பாலான மாலைகளில் ஒன்றும் நடக்காது. எப்போதாவது இருவருக்குள் தகராறு வரும், அநேகமாக வரிசை முறைக்காக. நடுவில் புகாதீர்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பொறுப்பாளரை அழைத்து, கதவுப் பக்கம் தள்ளி நில்லுங்கள். மேசையில் தலை வைத்துத் தூங்குபவரைத் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டாம். தெருவில் தூங்கிப் பழகியவர் தொட்டதும் பதறி எழுவார், கை தானாக ஓங்கும். ஓர் அடி தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு சரியில்லை என்றால் தாமதிக்காமல் அவசர உதவிக்குப் போன் போக வேண்டும்.

10. கூடாதவை

படம் எடுக்காதீர்கள். ஒப்புதல் வாங்கித்தானே எடுக்கிறேன் என்பீர்கள். சாப்பாட்டுத் தட்டு உங்கள் கையில் இருக்கும்போது அவர் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? வன்முறைக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பின்னணியில் தெரியும் ஒரு முகம் போதும், தேடுகிறவருக்கு இடம் தெரிந்துவிடும்.

பணம் கொடுக்காதீர்கள், சொந்தத் தொலைபேசி எண் கொடுக்காதீர்கள், ‘வேலை பார்த்துத் தருகிறேன்’, ‘அறை பார்த்துத் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மனம் கேட்காதுதான். இருந்தாலும் காப்பாற்ற முடியாத வாக்கு அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்தது. அதற்குப் பதிலாக, அந்தப் பகுதியில் இரவு தங்குமிடம், இலவச மருத்துவம், குளிக்கும் இடம், அடையாள அட்டை எடுக்க உதவுபவர் எங்கே என்று எழுதிய தாளைச் சமையலறையில் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரமும் அதில் இருக்கட்டும்.

பழைய துணி கொண்டுவரும் முன் கேளுங்கள். அநேகமாக அவர்களுக்குத் தேவைப்படுவது புதிய உள்ளாடையும் காலுறையும்தான், அவற்றைத்தான் யாரும் கொண்டுவருவதில்லை.

11. வராத நாளும் விலகும் நாளும்

வர முடியாது என்றால் 24 மணி நேரம் முன்பாவது சொல்லுங்கள். ஓர் ஆள் குறைந்தால் வரிசை இருபது நிமிடம் நீளும், அந்த இருபது நிமிடத்தில் சிலருக்கு இரவுத் தங்குமிடத்தின் கதவு அடைந்துவிடும். அங்கெல்லாம் நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் தொடர்வீர்களா என்று ஒருங்கிணைப்பாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு மாதம் முன்னால் சொல்லி, உங்கள் மேசைக்கு வருபவர்களைப் பற்றி அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்: யாருக்குக் கடலை ஆகாது, யாருக்குக் காது கேட்காது, யார் சுவர்ப் பக்கம்தான் உட்காருவார். சாவியையும் ஏப்ரனையும் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் ஒரு வேலையாக மூன்று வாரம் வெளியூர் போனேன். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியிருந்தேன், மேசையில் சொல்லவில்லை. திரும்பி வந்த மாலை, சூப்பில் ஊற வைத்த ரொட்டியை நீட்டினேன். அந்தப் பெரியவர் தட்டை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். ‘உடம்புக்கு ஒண்ணுமில்லையே?’ என்றார். அதற்குப் பிறகு, வராத வாரம் என்றால் முந்தின வாரமே ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.